தாலி கட்டும் நேரத்தில் மெயின் அருவி

தென்காசி வட்டாரத்துக் கல்யாண வீடியோக்களில் ஒரு மனிதரைக்கூட முழுசாக நடக்கவிடாத எடிட்டர் டிசால்வ் அண்ணாச்சி. யாராவது மண்டபப் படியேறி வந்தால் பாதிப் படியிலேயே கரைத்துவிடுவார். அந்த இடத்தில் வேறொருவர் முளைப்பார். கரைத்துக் கரைத்தே அவருக்கு அந்தப் பெயர் வந்தது.

என் கல்யாண வீடியோவையும் அவரிடம்தான் கொடுத்தோம். நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. தாலி கட்டக் குனிகிறேன். முதல் முடிச்சு விழுமுன் திரை இதய வடிவில் பிளந்து, குற்றாலம் மெயின் அருவி கொட்டுகிறது. அருவி ஓய்ந்தால் நான் பந்தியில் அவியல் தின்றுகொண்டிருக்கிறேன். அட்சதை போட்ட என் அத்தையின் முகம் தோசை மாதிரிப் புரள்கிறது. மறுபக்கத்தில் நாதஸ்வரக்காரர்.

அத்தை அழுதேவிட்டாள். நான் அவருடைய ஸ்டூடியோவுக்கே சண்டைக்குப் போனேன்.

“தாலி எங்க அண்ணாச்சி?”

“அருவிக்குள்ள இருக்கு தம்பி. மனசால பாக்கணும்.”

“நான் கட்டுன தாலிய நான் எதுக்கு மனசால பாக்கணும்?”

“சும்மா வெட்டி வெட்டி ஒட்டுனா அது வீடியோவா? ரேஷன் கடை வரிசைல்லா.”

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. கல்யாணத்தன்று பந்திக்குத் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று என் அப்பா மாமனாரிடம் முறைத்துக்கொண்டார். அன்று முழுக்க இருவரும் முகம் கொடுக்கவில்லை. வீடியோவிலோ அப்பா சிரிக்கிறார், மெல்லக் கரைகிறார், மாமனார் பதிலுக்குச் சிரிக்கிறார். உண்மையில் அப்பா சிரித்தது ஐஸ்கிரீமைப் பார்த்து. மாமனார் சிரித்தது தன் பேத்தியைப் பார்த்து.

“இது பச்சைப் பொய்ல்லா அண்ணாச்சி?”

“ரெண்டு பேரும் சிரிச்சது நெசம். நடுவுல கரைச்சது மட்டுந்தான் நான்.”

அந்த வாரமே ஆலங்குளத்திலிருந்து மாமனார் ஒரு பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். “வீடியோல பாத்தேன். சம்பந்தி நம்மளப் பாத்துச் சிரிச்சிருக்காவ. நாமதான் கவனிக்கல,” என்றார்.

“நானும் உங்களக் கவனிக்கலயே,” என்றார் அப்பா.

இருவரும் தோளில் துண்டோடு ஐந்தருவிக்குக் குளிக்கக் கிளம்பினார்கள். இவ்வளவு பெரிய பித்தலாட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு நான் வாயை மூடி நின்றேன்.

போன வாரம் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிக்கொண்டேதான் பைக்கை எடுத்தேன். கஞ்சி சிந்திவிடக் கூடாதே என்று மெதுவாக ஓட்டினேன்.