குவார்ட்டர்பேக்குக்குக் கொடுத்தது போக மிச்சம்

அன்புள்ள கஸ் மாமாவுக்கு மார்லீஸ் எழுதுவது.

இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் எதிரில் உட்கார்ந்தால் "ஆமா மாமா" என்பதைத் தவிர எனக்கு வேறு பேச்சு வராது. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. பெவ் அத்தையின் தொண்டையும் தேறியிருக்கும் என நம்புகிறேன். ஞாயிறன்று மைதானத்தில் அவர் கத்தியது எங்கள் டிவியிலேயே கேட்டது.

விஷயம் தம்பி டேரிலைப் பற்றியது. அவன் நம் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் இடம்பிடித்ததற்கு நீங்கள் இறைச்சிக் கடை வாசலில் பேனர் கட்டியது பெருமைதான். ஆனால் அவனுக்கு ஏன் இடம் கிடைத்தது? ஐம்பத்துமூன்று ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக் ஹாலோவேயின் புது ஒப்பந்தம் அதில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டது. மிச்சம் பற்றவில்லை. அவரை இடித்துத் தள்ள வருகிறவர்களைத் தடுத்து நிற்கும் ஐவரில் மூன்று மூத்தவர்களை அனுப்பிவிட்டு, லீகிலேயே மிகக் குறைந்த சம்பளத்துக்கு யார் வருவார்கள் என்று தேடினார்கள். நம் டேரில் அகப்பட்டான்.

இது தெரியாமல் நீங்கள் திங்கட்கிழமை விளையாட்டு ரேடியோவுக்குப் போன் போட்டு, "என் அக்கா பையன் இல்லேன்னா ஹாலோவே ஒரு பந்து வீசிடுவானா? சம்பளத்தை மூணு மடங்காக்கச் சொல்லுங்கய்யா!" என்றீர்கள். "சார், நேத்து ஹாலோவே ஆறு தடவ விழுந்தாரு, அதுல நாலு உங்க பையன் பக்கமாச்சே?" என்று ரேடியோக்காரர் கேட்டதற்கு, "புல்லு ஈரமா இருந்துச்சு" என்றீர்கள். நம் மைதானத்துக்குக் கூரை உண்டு, மாமா. புல்லும் பிளாஸ்டிக். அதோடு விட்டீர்களா? கிறிஸ்துமஸுக்கு ஹாலோவே வழக்கப்படி தன்னைக் காக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு கோல்ஃப் வண்டி வாங்கித் தர, "பாத்தியா, பயந்துட்டான்!" என்று டேரிலுக்கு வந்த வண்டியிலேயே ஏறி ஊரெல்லாம் சாசேஜ் டெலிவரிக்குக் கிளம்பி, பாலத்து நடுவில் சார்ஜ் தீர்ந்து, அத்தை பனியில் தள்ளிக்கொண்டு வந்தார். இப்போது செவ்வாய்க்கிழமை பத்து பவுண்டு சாசேஜோடு, சம்பளம் கூட்டச் சொல்லி அணி மேனேஜரைப் பார்க்கப் போகிறீர்களாம். டேரில் அழாத குறையாகச் சொல்கிறான்: "அக்கா, நான் மலிவா இருக்கேன்னுதான் வச்சிருக்காங்க. அதையும் மாமா கெடுத்துட்டா வெளிய தள்ளிடுவாங்கக்கா."

தயவுசெய்து போகாதீர்கள். அத்தைக்கும் கடைப் பையன்களுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் உடம்பும் வியாபாரமும் நன்றாக இருக்கட்டும்.

உங்கள் அக்கா மகள்,
மார்லீஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது டேரில் கூப்பிட்டான். இன்றைய பயிற்சியில் அவன் வரிசையில் ஒருவருக்குக் கணுக்கால் போயிற்று, இன்னொருவருக்கு இடுப்பு. நான் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். புது ஆள் வாங்க வரம்பில் இடமில்லை. டேரிலும் போனால் ஹாலோவேக்கு முன்னால் நிற்க ஆளில்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை போவோம். இந்த வருடம் ஒரு டாலரும் கூட்ட வேண்டாம், அடுத்த இரண்டு வருடத்துக்கு அவனை வைத்துக்கொள்வதாக உறுதி எழுதித் தரட்டும். ஒரே ஒரு வேண்டுகோள், கேட்கவே கூச்சமாக இருக்கிறது: உள்ளே போய் நான் பேசுகிறேன். நீங்கள் காரிலேயே இருங்கள், மாமா.