முகூர்த்தக்காலும் பன்னிரண்டு காவல்காரர்களும்

லம்பா லைன், போர்ட் பிளேர்
ஐப்பசி 12

மரியாதைக்குரிய சம்மந்தி திருநாவுக்கரசு அவர்கள் சமூகத்துக்கு, குருநாதன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மல்லிகாவும் சுகம். பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாவின் ஆடும் சுகம். ஆட்டின் சுகத்தை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும். அங்கே தாங்களும், தங்கச்சி விசாலாட்சியும், மாப்பிள்ளை தினேஷ்குமாரும், எங்கள் சுகிர்தாவும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடும், அதற்கு முன்னாலேயே எனக்குத் தைரியம் போய்விடும். அதனால்தான் ஒன்பதாவது வரை படித்த படிப்பை நம்பி எழுதுகிறேன்.

வைகாசியில் கல்யாணத்துக்கு நம் வாசலில் முகூர்த்தக்காலாகக் கல்யாண முருங்கைக் கொம்பு நட்டீர்களே, அந்தக் கதைதான். கொம்பு கிடைத்த இடமே உங்களுக்குத் தெரியாது. பின்தெரு மண்டல் பாபுவின் வேலியிலிருந்து வெட்டியது. வங்காளிகளுக்கு அது வெறும் முள்வேலி. "அரே பாய், இஸ்ஸே ஷாதி ஹோதா ஹை க்யா?", இதை வைத்தா கல்யாணம் நடக்கும் என்று அவர் சிரித்த சிரிப்பில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் நீங்கள் மஞ்சள் பூசி, துணி கட்டி, நூல் நைந்துவிடும் என்று லைன்மேன் வேலை பார்த்த கையால் செம்புக் கம்பி போட்டு முறுக்கி, "சம்மந்தி, இது துளிர்க்கிற மாதிரி பிள்ளைங்க குடும்பம் துளிர்க்கும், பத்திரமாப் பாத்துக்கங்க" என்று என் கையைப் பிடித்துச் சொன்னபோது, நானும் "உயிரைக் கொடுத்தாவது பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். இந்த மாதிரி பேச்செல்லாம் கல்யாண வீட்டில் தானாக வந்துவிடுகிறது.

நீங்கள் கப்பலேறின அன்று மத்தியானம், உங்கள் கப்பல் ஹார்பரைத் தாண்டியிருக்குமோ இல்லையோ, சொர்ணம்மாவின் ஆடு வந்து கொம்பின் துளிரைத் தின்று, பட்டையையும் உரித்து, மஞ்சள் துணியின் ஓரத்தையும் ருசி பார்த்துவிட்டது. நான் போய்க் கேட்டதற்கு, "அண்ணே, அது முகூர்த்தக்கால்னு ஆட்டுக்கு யாரு சொன்னா, நீங்க சொன்னீங்களா?" என்றாள். நியாயமான கேள்வி. நான் சொல்லவில்லைதான். மொட்டையாக நின்ற கொம்பைப் பிடுங்கிப் பாத்ரூம் பின்னால் வீசிவிட்டு, மண்டல் பாபுவிடம் இன்னொரு கொம்பு வாங்கி அதே குழியில் நட்டேன். பழைய கொம்பில் நீங்கள் போட்ட கம்பி முறுக்கு மட்டும் அவிழவே இல்லை. முப்பது வருஷம் ஹார்பரில் கப்பல் கயிறு கட்டி அவிழ்த்த கை இது, அதற்கே வசப்படவில்லை. பிளேடால் துணியை மட்டும் அறுத்து எடுத்துப் புதுக் கொம்புக்குக் கட்டினேன். அந்தக் கொம்பு பத்து நாளில் அழுகிவிட்டது. மல்லிகா வந்து பார்த்து, "ஏங்க, முள்ளெல்லாம் கீழே பாத்துக்கிட்டு இருக்கே, தலைகீழா நட்டிருக்கீங்க" என்றாள்.

மூன்றாவது கொம்பை நேராக நட்டு, ஆடு கிட்டே வராதபடி சுற்றிப் பன்னிரண்டு குச்சிகளைக் காவலுக்கு நட்டேன். காவல் குச்சியும் மண்டல் பாபு கொடுத்த அதே முள்ளுமுருங்கைதான், வேறு மரத்துக்கு நான் எங்கே போவேன். இங்கே மழை தெரியுமே, குடை நட்டாலும் துளிர்க்கும். மூன்றே வாரத்தில் காவல்காரர்கள் பன்னிரண்டு பேரும் பச்சைப் பசேலென்று துளிர்த்துவிட்டார்கள். நடுவில் இருந்த முகூர்த்தக்கால் மட்டும், மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு, பழைய குடைக்காம்பு மாதிரி காய்ந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் போட்டோ கேட்கிறீர்கள். நான் என்ன செய்வேன். துணியை அவிழ்த்து ஒரு காவல்காரனுக்குக் கட்டிப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் அவனை ஆடு எட்டித் தின்றுவிட்டதால் வேறொருவனுக்குக் கட்டினேன். தங்கச்சி விசாலாட்சி கூர்மையானவர். "அண்ணே, முருங்கை நல்லா வளருது. ஆனா போன வாரம் பின்னால தண்ணி டேங்க் தெரிஞ்சுது, இந்த வாரம் துணி காயுது. மரம் நடக்குதா?" என்று கேட்டார். காற்று அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கு மன்னிக்க வேண்டும்.

காவல்காரர்களையே ஆடு தின்னத் தொடங்கியதால் அவர்களுக்கும் காவல் தேவைப்பட்டது. மண்டல் பாபு வேலியைக் கழித்த அன்று இரண்டு ஆட்டோ நிறையக் கிளை கொண்டுவந்து வீட்டைச் சுற்றி நட்டுவிட்டேன். கேட் தூண் கறையான் அரித்துக் கிடந்தது, அந்த இடத்திலும் தற்காலிகமாக என்று இரண்டு தடித்த கிளையை நட்டு இரும்புக் கேட்டை அதில் மாட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய புத்திசாலித்தனம். கிளைகள் வேர்விட்டுப் பருத்துக் கீலையே விழுங்கிவிட்டன. இப்போது கேட் திறக்காது. ஆடு உள்ளே வர முடியாது, நாங்கள் வெளியே போக முடியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அங்கிள், அந்தர் கைசே ஆவூம்?", உள்ளே எப்படி வருவது என்று கேட்டான். எனக்குத் தெரிந்தால்தானே வழி சொல்ல. கடைசியில் பாத்ரூம் பக்கம் ஒரு சந்து விட்டு, சொர்ணம்மா வீட்டு வாசல் வழியாகத்தான் போய் வருகிறோம். ஆட்டை வெளியே நிறுத்த வேலி போட்டவன் ஆட்டுக்காரி தயவில் கடைக்குப் போகிறேன்.

இதையெல்லாம் மறைத்தே ஓட்டியிருப்பேன். போன வாரம் சுகிர்தா போன் செய்தாள். "அப்பா, அவருக்கும் எனக்கும் டிவி ரிமோட்டுக்குச் சின்னச் சண்டை வந்தாக்கூட அத்தை, 'உங்கப்பா முருங்கைக்குத் தண்ணி ஊத்தலையோ'ங்கிறாங்க. நெசமாச் சொல்லுங்க, மரம் இருக்கா இல்லையா?" என்று கேட்டாள். பெற்ற பெண்ணிடம் காற்று அதிகம் என்று சொல்ல வாய் வரவில்லை. கார்த்திகையில் நீங்கள் எல்லோரும் வருகிறீர்கள். வந்ததும் முதலில் மரத்தைத்தான் தேடுவீர்கள். ஆகவே இப்போதே ஒப்புக்கொள்கிறேன்: நீங்கள் நட்ட கொம்பு இல்லை, அது செத்துவிட்டது, தப்பு முழுக்க என்னுடையது. சுகிர்தா அடுப்பில் பாலைப் பொங்க விட்டால் அவளைத் திட்டுங்கள், நியாயம். முருங்கைக்காக அவள் தலை குனியக் கூடாது. அதற்குக் குனிய என் தலை இருக்கிறது, வழுக்கையானாலும் உங்கள் முன் குனியும்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் மனம் நிறைந்த ஆசி. தங்கச்சிக்கு மல்லிகாவின் அன்பு. தங்களுக்கு என் பணிவு, கொஞ்சம் பயத்துடன்.

இப்படிக்கு,
குருநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டு தபால் போடக் கிளம்பினேன். சொர்ணம்மா வாசலில் ஒரே சேறு. தினமும் அவள் ஆட்டைக் கட்டியிருக்கும் மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் செருப்பு மாட்டுவேன். இன்று கையில் என்னவோ குத்தியது. முள் என்று பார்த்தால் செம்புக் கம்பி. பட்டைக்குள் பாதி புதைந்து, உங்கள் முறுக்கு அப்படியே இருக்கிறது. "பாத்ரூம் பின்னால கெடந்துச்சு, கட்டை நேரா இருக்கேன்னு ஆடு கட்ட அடிச்சு வச்சேன், அண்ணே. என்னைக்கோ துளுத்திருச்சு" என்றாள் சொர்ணம்மா. ஆடு எட்டுகிற உயரம் வரை மொட்டை, அதற்கு மேலே குடை விரித்த மாதிரி தழை. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பில் போட்டோவுக்கானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பவும். சுகிர்தாவிடம் மரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், எங்கே என்று சொல்லவில்லை. நீங்கள் எப்படியும் சொர்ணம்மா வாசல் வழியாகத்தான் வர வேண்டும், மரத்தைப் பார்த்த பிறகுதான் எங்களைப் பார்க்க முடியும். அன்றைக்கு ஒருநாள் மட்டும் ஆட்டை வேறு இடத்தில் கட்டச் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.