பொறுப்பு மாப்பிள்ளை

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை எப்படி வேண்டுமானாலும் வரலாம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. நடந்து வந்தார்கள், பஸ்ஸில் வந்தார்கள், எலெக்ட்ரிக் ரயிலில் தொங்கிக்கொண்டும் வந்தார்கள். அதனால் தாலி கட்டுவதில் குறை ஏற்பட்டதாகத் தெரியவில்லை. எழுபதாம் வருஷத்து வாக்கில் ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டுக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வெள்ளைக் குதிரை மேல் வந்தார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த தாய்மார்கள் அத்தனை பேருக்கும், நம் சம்பிரதாயத்தில் இத்தனை நாளாக ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று சட்டென்று விளங்கிவிட்டது. அடுத்த முகூர்த்தத்தில் காரில் வந்த மாப்பிள்ளையைப் பார்த்து, "ஏன், இரண்டாம் தாரமா?" என்று கேட்டார்கள்.

இதில் பிழைத்தவன் துலுக்கானம். ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தவன். சைக்கிள் ரிக்‌ஷாக்களும் டவுன் பஸ்ஸும் சேர்ந்து அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டிருந்தன. அவனிடம் இருந்த ஒரே சொத்து ரோசா. வெள்ளைப் பெட்டைக் குதிரை. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடி யார் யாருக்கோ பங்களா கட்டிக் கொடுத்துவிட்டு, கால் தளர்ந்ததும் கைகழுவப்பட்டது. அதற்குக் கொள்ளும் புல்லும் போட்டது போக மீதி இருந்தால் துலுக்கானமும் அவன் பெண்சாதி பொன்னியம்மாவும் சாப்பிடுவார்கள். பெரும்பாலும் மீதி இருக்காது. இப்போது கல்யாணக் குதிரையாக ரோசா சம்பாதிக்க ஆரம்பித்ததும் வீட்டில் இரண்டு வேளை அடுப்பு எரிந்தது. ஊருக்கு இது பொறுக்குமா? குதிரையை வதைக்கிறான் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள்.

அரசாங்கம் உடனே மனமிரங்கியது. 'கேளிக்கைக் குதிரைகள் நலப் பாதுகாப்பு ஆய்வாளர்' என்று ஒரு பதவியை உண்டாக்கி, சண்முகசுந்தரம் என்பவரை அதில் உட்கார்த்தியது. அதற்கு முன்பு அவர் கோழிப்பண்ணைப் புள்ளிவிவரத்தில் இருந்தார். நலம் கெட்ட குதிரைகளைப் பறிமுதல் செய்து வைக்கத் திருநின்றவூர் ஏரிப்பக்கம் 'குதிரைகள் நல இல்லம்' ஒன்றும் ஏற்பட்டது. இல்லத்துக்குப் பெயர்ப்பலகை வந்துவிட்டது. கூரைதான் இன்னும் வரவில்லை. அங்கே போன குதிரைகள் நலமாக இருப்பதாகக் கோப்பு சொன்னது. திரும்பி வந்து சொன்ன குதிரை ஒன்றுமில்லை.

தொழிற்சாலை ஃபோர்மேன் திருவேங்கடத்தின் மூத்த பெண் வனஜாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கஜபதி, திருமுல்லைவாயில்காரர், பாங்கில் உத்தியோகம். சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை அழைப்பு. பேண்டுக்காரர்கள் ஊதத் தொடங்கி, கஜபதி ஒரு காலைத் தூக்கி ரோசாவின் அங்கவடியில் வைத்த சமயத்தில் சண்முகசுந்தரம் வந்து சேர்ந்தார்.

"நிறுத்துங்கள்! விளையாட்டிலோ பொழுதுபோக்கிலோ ஈடுபடுத்தப்படும் குதிரையின் மேல் ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட பாரம் ஏற்றலாகாது. இங்கே நடப்பது விளையாட்டா, பொழுதுபோக்கா?"

"கல்யாணம் சார்" என்றார் திருவேங்கடம்.

"அந்த இனம் விதியில் இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்."

"பெண்ணைப் பெத்தவனுக்கு இது தண்டனை சார்."

"தண்டனைக்குத் தனி இலாகா. பொழுதுபோக்கு என்று எழுதிக்கொள்கிறேன்."

துலுக்கானம் முன்னால் வந்தான். "சார், ரோசா பந்தயத்துல ஓடசொல்லோ அடிச்ச சவுக்கடி இன்னும் முதுவுல கீது. அப்போ ஒருத்தரும் வர்லியே?"

"பந்தயக் குதிரைகள் வேறொரு குழுவின் கீழ் வருகின்றன. அந்தக் குழு இன்னும் அமைக்கப்படவில்லை."

"சரி சார், அது காத்தாலேருந்து தண்ணி குடிக்கல. ஒரு பக்கெட்டு காட்டிக்கினு வந்துர்றேன்."

"ஆய்வுக்கு உட்பட்டிருக்கும் குதிரைக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. பாரம் அதிகம் ஏறினால் குதிரை இன்றைக்கே நல இல்லத்துக்குப் போகும்."

துலுக்கானம் எடுத்த பக்கெட்டைக் கீழே வைத்தான்.

எதிரே கன்னியப்பனின் விறகுத் தொட்டி. கட்டை நிறுக்கும் பெரிய தராசின் ஒரு தட்டில் பட்டு வேட்டியோடு கஜபதியை உட்கார வைத்தார்கள். மறு தட்டில் கன்னியப்பன் எடைக்கல்லாக அடுக்கிக்கொண்டே போனான். பாங்கு உத்தியோகம் உட்கார்ந்தே பார்ப்பது. எழுபத்தாறில்தான் மாப்பிள்ளை தரையை விட்டு எழும்பினார். "ஈர விறகா கீது" என்று கன்னியப்பன் முணுமுணுத்ததை மாப்பிள்ளையின் மரியாதையை உத்தேசித்து யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குதிரையில்லாமல் ஊர்கோலம் போனால் மானம் போய்விடும் என்று திருவேங்கடம் கையைப் பிசைந்தார். சண்முகசுந்தரம் இரக்கமுள்ளவர். யோசித்து வழி சொன்னார்.

"கலெக்டர் லீவில் போனால் ஜில்லா நின்றுவிடுகிறதா? பொறுப்புக் கலெக்டர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். அதே போல் எடை குறைந்த ஒருவரைப் பொறுப்பு மாப்பிள்ளையாக நியமித்து உத்தரவு போடுகிறேன். மண்டப வாசலில் இறங்கியதும் அவர் பொறுப்பை ஒப்படைத்துவிடுவார். மைனராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

மாமன், மச்சான், சித்தப்பா என்று வரிசையாகத் தராசில் ஏறி இறங்கினார்கள். குவார்ட்டர்ஸ் உடம்பு, ஒருவரும் தேறவில்லை. கடைசியில் கன்னியப்பன் துலுக்கானத்தைப் பிடித்துத் தட்டில் தள்ளினான். முப்பத்தொன்பது! சேணம், ஜரிகைக் கோட்டு, தலைப்பாகை, மாலை எல்லாம் சேர்த்தும் ஐம்பதுக்கு அரைக் கிலோ குறைந்தது.

"ஆகா! குதிரையின் நலம் கருதிப் பிறந்த உடம்பு" என்று ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார்.

அப்படியாக, துலுக்கானம் ஜரிகைக் கோட்டு போட்டுக்கொண்டு ரோசா மேல் உட்கார்ந்து வர, நிஜ மாப்பிள்ளை கஜபதி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, ஊர்கோலம் கிளம்பியது. ஸ்டேஷன் பக்கம் திரும்பும்போது பொன்னியம்மா எதிரே வந்தாள்.

"யோவ்! எனுக்குத் தெரியாம ரெண்டாங் கல்யாணமா கட்டிக்கினு போற?"

"கம்னு கெடடி. இது கெவுருமெண்டு கல்யாணம்."

"மொதோ கல்யாணத்துக்கே ஒரு பொடவைக்கு வக்கில்ல, மூஞ்சப் பாரு!"

துலுக்கானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தொடைக்குக் கீழே ரோசாவின் விலா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாக்கு வறண்டு அது தலையைத் தொங்கப் போட்டு நடந்தது. அதன் நலத்துக்காகத்தான் இத்தனை பேர் கூடியிருந்தார்கள். அதன் மூஞ்சியை ஒருத்தரும் பார்க்கவில்லை. அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மண்டப வாசலில் ஆரத்தி சுற்றினார்கள். "இறங்குங்க மாப்பிள்ளை" என்றார் திருவேங்கடம், பழக்க தோஷத்தில்.

"எறங்க மாட்டேன்" என்றான் துலுக்கானம்.

பேண்டு நின்றுவிட்டது.

"ரோசாவுக்கு ஒரு அண்டா தண்ணி, ஒரு மூட்டை கொள்ளு. ரெண்டும் வந்தாதான் எறங்குவேன். இல்லாங்காட்டி இப்டியே திரும்பிக்கினு பூடுவேன்."

"ஐயையோ, மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டாரே!" என்று பெண் வீட்டார் பதறினார்கள். வருங்கால மாமியார் அழக்கூட ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் ஆய்வாளரைப் பார்த்தார்கள்.

"பொறுப்பில் இருப்பவருக்கு அந்தப் பதவியின் சகல அதிகாரங்களும் உண்டு. முறுக்குவது அதில் முக்கியமானது" என்றார் அவர்.

"ஆய்வு நடக்கையில் தண்ணி கொடுக்கக் கூடாதுன்னீங்களே?" என்று கேட்டார் திருவேங்கடம்.

"மாப்பிள்ளை கேட்பது சீர்வரிசை. சீரில் நான் தலையிட முடியாது."

அண்டாவும் மூட்டையும் வந்தன. ரோசா தலையைக் கவிழ்த்து உறிஞ்சிய சத்தம் மண்டபத்துக்குள் வரைக்கும் கேட்டது. துலுக்கானம் இறங்கி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

இப்போது கஜபதி தொண்டையைக் கனைத்தார். "எனக்கு ஒரு ஸ்கூட்டர் வேணும். வாசல்லே நின்னு கேட்கச் சொல்லி அம்மா சொன்னாங்க."

சண்முகசுந்தரம் தலையை ஆட்டினார். "ஒரு கல்யாணத்துக்கு ஒரு முறுக்குதான். பொறுப்பு மாப்பிள்ளை அதைப் பயன்படுத்திவிட்டார். தாங்கள் பேசாமல் உள்ளே போய், காலையில் தாலியைக் கட்டலாம்."

திருவேங்கடத்துக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஆய்வாளரைக் கட்டித் தழுவிக்கொண்டார். ஒரு ஸ்கூட்டர், ஒரு மூட்டைக் கொள்ளோடு போயிற்று!

செய்தி அம்பத்தூர், பூந்தமல்லி வரை பரவியது. பெண்ணைப் பெற்றவர்கள் துலுக்கானம் வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். தங்கள் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ள வாலிபர்கள் பட்டினி கிடந்து உடம்பை இளைக்கப் பார்த்தார்கள். நிச்சயம் ஆன மறுநாளே பெண் வீட்டார் பிள்ளை வீட்டுக்கு அதிரசமும் நெய் உருண்டையும் அனுப்பி, எடையை ஐம்பதுக்கு மேலேயே நிறுத்தி வைத்தார்கள். மாமியார் வீட்டு உபசரிப்பு இவ்வளவு அமோகமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. துலுக்கானம் கல்யாணத்துக்குக் கல்யாணம் முறுக்கிக்கொண்டான். ரோசா வயிறாரத் தின்றது.

இதெல்லாம் தம் இலாகாவின் சாதனை என்று சண்முகசுந்தரம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அனுப்பாமல் இருந்திருக்கலாம். 'குதிரை அருந்திய தண்ணீர் நிறுக்கப்பட்டதா?' என்று கேள்வி வந்தது. அதைத் தொடர்ந்து திருத்திய விதியும் வந்தது. அவரே துலுக்கானத்திடம் நேரில் வந்து படித்துக் காட்டினார்.

"இனிமேல் அன்றைக்குக் குதிரை குடித்த தண்ணீரின் எடையும் பாரத்தோடு சேரும். அதையும் குதிரைதானே சுமக்கிறது?"

"ஒரு பக்கெட்டு குட்ச்சாலே ஐம்பதத் தாண்டிடுமே சார்! அப்பறம் யாரு மேல ஏர்றது?"

"யாரும் ஏற வேண்டியதில்லை. குதிரைக்கு அதைவிட நலம் வேறென்ன?"

"ஏறலன்னா அது இன்னாத்தத் துன்னும்?"

"உணவு வேறு இலாகா."

அவர் போனதும் பெண்ணைப் பெற்றவர்கள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் நின்றவர் திருவேங்கடம். அவருக்கு இரண்டாவது பெண்ணும் கல்யாணத்துக்கு நின்றாள்.

"துலுக்கானம், முகூர்த்த நாள்லே மட்டும் தண்ணி காட்டாதேப்பா. ஒரு பொழுதுதானே, தாங்காதா?"

"ஒரு பொயுதா? இந்த மாசம் மூச்சூடும் முகூர்த்தம் நைனா."

"உனக்கு வரும்படி, எங்களுக்கு ஸ்கூட்டர் மிச்சம். ஒரு வாயில்லா ஜீவனுக்காக இத்தனை குடும்பத்தை நட்டாத்துலே விடுவியா?"

துலுக்கானம் பொன்னியம்மாவைப் பார்த்தான். அடுப்பு மறுபடி அணைந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்து, அத்தனை பேர் கண்ணெதிரிலும் தொட்டியில் தண்ணீரைக் கொட்டினாள். ரோசா குடித்தது.

அன்று சாயங்காலமே குவார்ட்டர்ஸ்வாசிகள் அனைவரும் கையெழுத்திட்ட மனு ஒன்று ஆய்வாளர் மேஜைக்கு வந்தது. 'மேற்படி துலுக்கானம் கொஞ்சமும் ஈவிரக்கமில்லாமல் தன் குதிரைக்குத் தினமும் தண்ணீர் காட்டி வருகிறான். வாயில்லா ஜீவன் மேல் அக்கறையுள்ள நாங்கள், அதை உடனே நல இல்லத்தில் சேர்க்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.'