மலித்தின் மரணமும் மதுரா அக்காவின் கூறையும்

அழுவதற்குத் தோதான இடங்கள் கொழும்பில் நிறைய உண்டு. வெள்ளவத்தைக் கடற்கரையில் கல்லுக்கு மேலே இருந்து அழலாம். அலைச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது. பஸ்ஸில் யன்னலோரம் இருந்து அழலாம். கண்டக்டர் டிக்கெட்டைத் தந்துவிட்டு மரியாதையாக விலகிப் போய்விடுவார். ஆனால் அக்காவின் கலியாணத்தில், தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னர், மண்டபத்துச் சாமான் அறைக்குள் இருந்து வாய்விட்டு அழக்கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை. (சொல்ல வேண்டி வரும் என்று யாரும் நினைத்திருக்கவும் மாட்டார்கள்.)

அப்போது நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற, வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கிற வயது. என் உயிர் மட்டும் ஒரு கார்ட்டூனில் இருந்தது. பனிமலை நாடு ஒன்றில், சிறகு முளைத்த பெரிய மிருகங்களில் ஏறிப் பறந்து எதிரியை விரட்டுகிற பிள்ளைகளின் கதை அது. பள்ளிக்கூடக் காலத்தில் பின்னேரங்களில் டிவியில் போனது. அதைப் பார்ப்பதற்காக டியூஷனுக்குப் பிந்திப் போய் வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை. பிறகு அதே கதை புத்தகமாக, பாகம் பாகமாக வரத் தொடங்கியது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எழுதியது என்று பின்னட்டையில் போட்டிருந்தது. நான் பின்னட்டை வாசிப்பதில்லை.

என் கைத்தொலைபேசி அடித்தால் அந்த மிருகம் கத்தும். ஒருமுறை கோயிலில் தீபாராதனை நேரம் கத்தியது. முன்னால் நின்ற மனிதர் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். பஸ்ஸில் வெட்கத்துக்குப் புத்தகத்தின் வண்ண உறையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வாசிப்பேன். அதனால் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம், மகள் தடித்த இங்கிலீசுப் புத்தகங்கள் படிக்கிறாள் என்பதுதான். ஏதோ சோதனைக்குப் படிக்கிறேன் என்று நினைத்து இரவில் பால் தேத்தண்ணீர் ஊற்றித் தருவார். நானும் குடித்தேன்.

அந்தக் கதையில் ஒருவன் இருந்தான். பெயர் மலித். கதாநாயகன்கூட இல்லை, அவனுடைய தோழன். பகிடி விடுவான், தான் சாப்பிடுகிற பாணில் பாதியைத் தன் மிருகத்துக்குப் பிய்த்துக் கொடுப்பான், எல்லோரும் ஓடும்போது கடைசியாக நிற்பான். பள்ளிக்கூடத்தில் இருந்தே எனக்கு அவன் என்றால் போதும். எழுதியவர் எங்கேயோ குளிர் நாட்டில் இருக்கிறவர். கொழும்பில் ஒழுங்கைக்கு ஒரு மலித் இருக்கிறான், அத்தனை பேரும் சிங்களப் பெடியன்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பெரியம்மாவின் மகள் மதுரா அக்காவின் கலியாணம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை கிரிசாந்த், நான் படித்த அதே கணித டியூஷனில் படித்தவர். நான் மணப்பெண்ணுக்குத் தோழி. அக்காவின் முகத்து வியர்வையை ஒற்றுவது, பூச்செண்டை வாங்கிப் பிடிப்பது, கூறைச்சேலை மாற்றும்போது குத்துகிற ஊசிகளைப் பத்திரமாக வைத்திருப்பது, இவைதான் என் பொறுப்பு. ஊசிகள் என் கைப்பையில் இருந்தன. பெரியம்மா அதை விடியற்காலையில் இருந்து என்னிடம் கேட்டுக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார்.

முதற் சடங்குகள் முடியும் நேரம், என் சிநேகிதி றிஸ்னா கொட்டாஞ்சேனையில் இருந்து வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து மேசை. மலித்தை எனக்கு அறிமுகப்படுத்தியவளே அவள்தான். கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு பரிசுப் பையை என் கையில் திணித்தாள். உள்ளே கடைசிப் பாகம் இருந்தது. அவளுடைய அண்ணன், அவள் சொல்லில் நானா, டோஹாவில் இருந்து வரும்போது கொண்டுவந்தது.

“இப்பத் தொறக்க வாணாம். ஊட்ட போய் வாசி,” என்றாள். அதற்குமேல் கதைக்க முடியாமல் போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு நல்ல தோழி என்ன செய்திருப்பாள்? பையை மூலையில் வைத்துவிட்டு மணவறைக்குப் போயிருப்பாள். கூறை மாற்ற அக்கா எழும்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, நான் சாமான் அறைக்குள் நுழைந்தேன். தேங்காய் மூட்டைக்கும் வாழைக்குலைக்கும் நடுவில் ஒரு கதிரை இருந்தது. ஒரேயொரு பக்கம் மட்டும் பார்ப்போம், மலித் என்ன செய்கிறான் என்று மட்டும் பார்ப்போம் என்று நடுவில் எங்கேயோ திறந்தேன்.

திறந்த இடத்திலேயே அவன் செத்துக்கொண்டிருந்தான்.

தங்கச்சியைக் காப்பாற்றப் போய், பறந்துகொண்டிருந்த மிருகத்தில் இருந்து விழுந்துவிட்டான். பனியில் கிடந்துகொண்டு, தன் மிருகத்துக்கு யார் இனிப் பாண் கொடுப்பார்கள் என்று கேட்டான். அந்த வரியோடு நான் முடிந்தேன். அழுகை விம்மலாகி, விம்மல் ஊளையாகி, வெளியே நாதஸ்வரக்காரர் ஒரு கணம் தன் குழலைச் சந்தேகமாகப் பார்த்தாராம்.

கதவைத் திறந்துகொண்டு பெரியம்மா வந்தார். “யாழினி, ஊசி எங்கயடி? மதுரா பாதிச் சீலையோட நிக்கிறாள்,” என்று தொடங்கியவர் என் முகத்தைக் கண்டதும் நிறுத்தினார். கண்மை கன்னம்வரை ஓடியிருந்தது. நான் புத்தகத்தைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துவிட்டேன். (அவ்வளவு துக்கத்திலும் வெட்கம் மட்டும் வேலை செய்தது.) பெரியம்மா கதவைச் சாத்திவிட்டு எனக்குக் கிட்ட வந்து குனிந்தார்.

“பிள்ளை, உண்மையைச் சொல்லு. கிரிசாந்தும் நீயும் ஒண்டாத்தானே டியூஷனுக்குப் போனனீங்கள். உங்களுக்குள்ள ஏதும்...”

“சீ, இல்லை பெரியம்மா. அவரில்லை. மலித்.”

“மலித்துக்கு என்ன?”

“செத்திட்டான்.”

பெரியம்மாவின் முகத்தில் முதலில் பெரிய ஆறுதல் பரவியது. பிறகு அந்தச் சிங்களப் பெயர் மெதுவாக உள்ளே இறங்கியது. என் பையில் இருந்து ஊசிகளை அள்ளிக்கொண்டு ஓடினார். போகிற வழியில் அம்மாவை அனுப்பிவிட்டார்.

அம்மா வந்து ஏசுவார் என்று நினைத்தேன். அவர் தேங்காய் மூட்டையில், பட்டுச்சேலையோடு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகைத் தடவினார்.

“எவ்வளவு காலமாத் தெரியும்?” என்று கேட்டார்.

“பள்ளிக்கூடத்தில இருந்தே, அம்மா.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உங்களுக்கு விளங்காது எண்டு நினைச்சன்.”

அம்மா தன் சேலைத் தலைப்பால் என் கண்மையைத் துடைத்தார். பிறகு, “நல்ல பெடியனோ?” என்று கேட்டார்.

“அவனைப் போல ஒருத்தரும் இல்லை அம்மா,” என்றேன். அதைச் சொன்னதும் திரும்ப அழுகை வந்தது. அம்மாவும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். மலித்துக்காக என் அம்மாகூட அழுகிறாரே என்று நான் உருகிப் போனேன். பால் தேத்தண்ணீர் ஊற்றித் தந்த மனுசிக்கு இவ்வளவு காலமும் கதையைச் சொல்லாமல் விட்டேனே என்று நினைத்தேன். என் மூளை அன்றைக்கு அந்த அளவில்தான் இருந்தது.

அடுத்ததாகப் பரா மாமா வந்தார். அம்மாவின் தம்பி. யாருக்கு எது நடந்தாலும் வாடகைக்கு வான் பிடித்துக் கொடுக்கிற மனிதர். எப்படி நடந்தது என்று அடக்கமாகக் கேட்டார். தங்கச்சியைக் காப்பாற்றப் போய் உயரத்தில் இருந்து விழுந்துவிட்டான் என்றேன். இந்தக் காலத்துப் பெடியன்கள் மழைக்குள்ளும் மலை ஏறப் போகிறார்கள், சொன்னால் கேட்பதில்லை என்று தலையை ஆட்டினார். வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். பனிமலைப் பக்கம் என்றேன். மலைநாட்டு நுவரெலியாவாக்கும் என்று அவரே முடிவெடுத்து, கலியாணம் முடிந்ததும் செத்தவீட்டுக்குப் போக வான் ஒழுங்கு செய்வதாகச் சொன்னார்.

வான் என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. அம்மா எதற்காக அழுகிறார், பெரியம்மா ஏன் ஓடினார் என்பதெல்லாம் ஒன்றாக விளங்கியது. உடனே சொல்லியிருக்க வேண்டும். என் தோளில் சாய்ந்து அழுகிற அம்மாவிடம், மலித் ஒரு கார்ட்டூன் என்று எப்படிச் சொல்வது?

நான் முழித்துக்கொண்டு இருந்த நேரத்தில் பெரியம்மா றிஸ்னாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உனக்கு இந்த மலித்தைத் தெரியுமா என்று அவளிடம் கேட்டார். றிஸ்னா என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன். அவள் அதை, வாசித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாள்.

“தெரியும் ஆன்ட்டி,” என்றாள். “நேத்து முழுக்க நான் சாப்பிடல்ல. எனக்கும் அவனெண்டா உசிருதானே.”

பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். செத்தவனைப் பற்றி அவருக்கு இருந்த இரக்கம் அந்த இடத்திலேயே போய்விட்டது. “ரெண்டு பேரையுமோ?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குள் செய்தி மண்டபத்துக்குள் இறங்கிவிட்டது. பெண் வீட்டுப் பகுதியில் ஒரு பெடியன் செத்துவிட்டானாம் என்று பின்வரிசையில் தொடங்கி, முன்வரிசைக்கு வரும்போது அவன் பெண்ணுக்கு நெருங்கிய உறவாகிவிட்டான். மேளம் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்று, எங்களுக்கு ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். ஐயர், சாவுத் துடக்குக்காரர் யாராவது இருந்தால் முதலில் சொல்லுங்கோ, முகூர்த்தம் போகிறது என்றார். அக்கா கூறை உடுத்து வாசலில் தயாராக நிற்கிறாள், அவளை மணவறைக்குக் கூட்டி வருவதா விடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் சாமான் அறைக் கதவிடுக்கால் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கலியாணத்தை நான் நிற்பாட்டிவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

பரா மாமா மணவறைக்குப் போய், மாப்பிள்ளைக்கு முன்னால் குனிந்து விளக்கம் சொன்னார். ஐயரின் மைக் போட்டபடியே இருந்ததால் முழு மண்டபமும் கேட்டது. உறவுக்காரன் இல்லைத் தம்பி, துடக்கு ஒன்றும் வராது, யாழினியின் சிநேகிதன் ஒருவன், மலித் என்று பெயர், பனிமலைப் பக்கம், தங்கச்சியைக் காப்பாற்றப் போய் உயரத்தில் இருந்து விழுந்துவிட்டானாம் என்றார்.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். தலைப்பாகை கொஞ்சம் சரிந்தது.

“கடைசிப் பாகத்திலயோ?” என்றார்.

பரா மாமாவுக்கு விளங்கவில்லை.

“ஐயோ மாமா, ஏன் சொன்னனீங்கள்? நான் அதை இன்னும் வாசிக்கேல்ல.”

ஐயர், செத்தவர் யார் என்று தீர்மானமாகக் கேட்டார். மாப்பிள்ளை மைக்குக்குக் கிட்டவாகத் தலையைச் சரித்து, “கார்ட்டூன் ஐயா,” என்றார். அந்தச் சொல் நான்கு பக்க ஒலிபெருக்கியிலும் போய், வெளியே காலி வீதிப் பஸ்கள்வரை கேட்டிருக்கும்.

என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

“யாழினி, மலித் கார்ட்டூனோ?”

“முதல் கார்ட்டூன், அம்மா. பிறகு புத்தகம்.” சேலைத் தலைப்புக்குள் இருந்து அதை எடுத்து நீட்டினேன்.

அம்மா அட்டையைப் பார்த்தார். சிறகு வைத்த மிருகத்தில் மலித் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் அந்தப் பிள்ளையின்ர தாயை நினைச்செல்லோ இவ்வளவு நேரமும் அழுதனான்,” என்றார். பிறகு புத்தகத்தால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். தடித்த புத்தகம். வலித்தது.

முகூர்த்தம் தப்பவில்லை. அக்கா வந்தாள், மேளம் கொட்டியது, தாலி ஏறியது. வீடியோவில் பார்த்தால், தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கண் சிவந்திருக்கும். மகனுக்கு அவ்வளவு இளகிய மனசு என்று அவருடைய அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார். யாரும் மறுப்பதில்லை. கிரிசாந்த் அத்தான் என்னோடு பல நாட்கள் கதைக்கவில்லை. பிறகு புத்தகத்தை இரவல் கேட்டு வந்தார். இப்போது எங்கள் குடும்பத்தில் என்னோடு மணிக்கணக்காகக் கதைக்கிற ஒரே ஆள் அவர்தான். அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

ஆனால் பெரியம்மா மறக்கவில்லை. குடும்பத்தில் யாருக்குக் கலியாணத்துக்கு நாள் பார்த்தாலும், சாத்திரியாரிடம் கேட்ட பிறகு எனக்கும் ஒரு போன் வரும். அந்த மாதம் ஏதாவது புத்தகம் வருகிறதா என்று கேட்பார். என் சொந்தக் கலியாணத்துக்கும் கேட்டார். என்னைக் கட்டப் போகிறவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

போன கிழமை பரா மாமாவின் மகனுக்கு நாள் குறித்தபோது, வேறொரு தொடரின் முடிவுப் பாகம் அதே நாட்களில் வருகிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். பெரியம்மா யோசிக்கவே இல்லை. பெண் வீட்டாருக்குப் போன் எடுத்து, நாளைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார். ஏன் என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். பெரியம்மா குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

“எங்கட பக்கத்தில ஒரு சாவு எதிர்பார்க்கிறம்.”