வெள்ளிக்கிழமை ராகு காலமும் ‘போச்சுங்க’ மெக்கானிக்கும்

செத்துப்போன கம்ப்யூட்டருக்கு முறைப்படி துக்கம் விசாரிக்கத் தெரிந்தவர் இந்தச் சேலம், நாமக்கல் சீமையிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஊர் ‘போச்சுங்க’. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது அவருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். திருச்செங்கோடு போகிற ரோட்டில், போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளின் பட்டறைகள் இரண்டுக்கு நடுவே, ஒரு ஆள் குறுக்கே படுத்தால் நிறைந்துவிடுகிற அகலத்தில் அவர் கடை. போர்டு கிடையாது. வாசலில் செத்த மானிட்டர்கள் நாலைந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அதுதான் அடையாளம்.

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று கூப்பிட்டால் மற்ற மெக்கானிக்குகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். இவர் மெதுவாக வருவார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து கம்ப்யூட்டருக்கு எதிரே உட்காருவார். கொஞ்ச நேரம் பேச மாட்டார். வீட்டில் இருப்பவர்கள் தாங்களாகவே குரலைத் தணித்துக்கொள்வார்கள். யாராவது எழுந்து போய் டிவியை நிறுத்துவார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்பார். எத்தனை மணிக்கு ஆனது, அதற்கு முந்தி நன்றாகத்தான் இருந்ததா, பக்கத்தில் யார் இருந்தது, கடைசியாக என்ன சொன்னது. திரையில் கடைசியாக வந்த எழுத்துகளை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீளமாக ஒரு மூச்சு விட்டு, “போச்சுங்க” என்பார். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

ஒரு தடவை மரவள்ளி மில் ஒன்றில் எடைமேடைக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. வெளியே லோடு வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இவர் போய் உட்கார்ந்து “போச்சுங்க” என்றதும் முதலாளிக்கு மயக்கம் வந்துவிட்டது. ரத்தக்கொதிப்புக்காரர் பாவம். ஆட்கள் அவரை மூட்டை மேல் சாய்த்து விசிறி, சோடா வாங்கிவந்து கொடுப்பதற்குள் இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி கண்ணைத் திறந்து, சரியாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். “இப்போதைக்கு இருக்குதுங்க” என்றாராம் இவர். அந்த வார்த்தைக்கு மேல் நல்ல வார்த்தை அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், ஏதாவது ஒன்று நல்லதாகச் சொல்லுங்கள் என்று கண் கலங்கிக் கேட்டபோது, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “மவுஸ் நல்லா இருக்குதுங்க” என்றார்.

நான் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. எனக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் வந்தது என் அண்ணனால். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, பங்காளிகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று யாருக்குமே முழுசாகத் தெரியவில்லை. பத்திரிகை வராத பங்காளி, நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், பேரன் காலம் வரைக்கும் பேச மாட்டான். அண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர் என்று ஒவ்வொரு ஊராகப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, பேரும் விலாசமும் எழுதிக்கொண்டு வந்தார். ஒன்பது வருஷம். ஆயிரத்துச் சொச்சம் வீடு.

அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று பழைய பெட்டி ஒன்றை வாங்கினோம். அதை நடத்துகிற மூலப் புரோகிராமைப் பலரும் திருட்டுக் காப்பியாகப் போட்டுக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சாமி காரியத்துக்குத் திருட்டுச் சாமான் ஆகாது என்று நான் சொல்லிவிட்டேன். அதற்குப் ‘போச்சுங்க’ கொண்டுவந்து போட்டதுதான் லினக்ஸ். அது யாருக்கும் பொதுவானது, காசும் இல்லை, களவும் இல்லை என்றார். அண்ணன் ஒற்றை விரலால் தட்டித் தட்டி முழுவதையும் ஏற்றினார். ஏற்றி முடித்ததும் நோட்டுப் புத்தகங்கள் மிஞ்சின. ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளையார் சுழி போட்டிருந்தது. பழைய பேப்பர்காரனுக்குப் போட மனசு வருமா? ஆடிப் பதினெட்டு அன்று குமாரபாளையத்துக்குக் கொண்டுபோய், மஞ்சள் குங்குமம் வைத்து, நான்தான் காவிரியில் விட்டேன். ஆக, ஒன்பது வருஷமும் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. பிறகு அண்ணனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டு முன்கூடத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு, “பத்திரிகை எப்படா அடிக்கறீங்க?” என்று தினம் கேட்பார்.

கும்பாபிஷேகத் தேதி குறித்தாகிவிட்டது. அந்த வாரமே விலாசங்களை அச்சடித்துப் பத்திரிகைகளில் ஒட்டியாக வேண்டும். அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர், புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது. நல்ல காரியத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோமே, அது போல் இதையும் புதுசாக்கிவிடலாம் என்று நினைத்தேன். காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஒன்பதேகால் முதல் பத்தேகால் வரை நல்ல நேரம். குளித்து, விபூதி பூசி, சூடம் காட்டி, ஒன்பதேகாலுக்கு அழுத்தினேன்.

அது ஒரு மணி நேரத்தில் முடியும் என்று நான் நினைத்தது என் தப்பு. பத்தேகாலுக்கு ஐம்பது சதவீதம். பத்து இருபத்தைந்துக்கு அறுபத்தாறு. பத்தரைக்கு ராகு காலம். ராகு காலத்தில் ஒரு புதுப் பொருள் வீட்டுக்குள் வரலாமா? அதுவும் சாமி காரியத்துக்கான பொருள். ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைத்து, மீதியைப் பன்னிரண்டு மணிக்கு மேல் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவதில்லையா? பத்து இருபத்தெட்டுக்குச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன்.

பன்னிரண்டு ஐந்துக்குப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மடமடவென்று ஓடி நின்றன. திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டேன். அதே எழுத்துகள், அதே இடத்தில் நின்றன. அண்ணன் கட்டிலில் இருந்து, என்னடா சத்தத்தையே காணோம் என்றார். ஒன்றுமில்லை என்றேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளாகவே ‘போச்சுங்க’வுக்குப் போன் போட்டாள்.

இரண்டரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார். அத்தனை நாள் ஊரோடு சேர்ந்து சிரித்த அந்தச் சடங்கு என் வீட்டில் நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“பக்கத்துல யாருங்க இருந்தது?”

“நான்தானுங்க.”

“கடைசியா என்ன சொல்லுச்சுங்க?”

கர்னல் பேனிக் என்பதை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். கம்ப்யூட்டர் பீதியாகிவிட்டது என்று அர்த்தமாம். அதற்கு முந்தி எப்படி நின்றது என்று கேட்டார். மனைவி நிற்கிறாள். கட்டிலில் அண்ணன் இந்தப் பக்கம் தலையைத் திருப்பியிருக்கிறார். சாமி படத்துக்கு நேரே நின்றுகொண்டு நான் சொன்னேன்: “தானா நின்னுருச்சுங்க.”

அவர் மூச்சு விட்ட விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“போச்சுங்க. தானா நின்னா அது நெஞ்சு வலிங்க. டிஸ்க்கு போயிட்டிருக்குது. இனி ஆன் பண்ணவே கூடாது. கழட்டிச் சேலத்துக்கு அனுப்பிப் பார்க்கலாமுங்க. இருவது நாளாச்சும் ஆகும். வந்தாலும் வரும்.”

சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். வந்தாலும் வரும் என்றால் வராது என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. சரி, ஒரு பேப்பரை எடுத்து எழுது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஒன்பது வருஷம் ஏறி இறங்கிய வீடுகள், எனக்குத் தெரியாதா என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

“அயோத்தியாப்பட்டணம். ரயில்வே கேட்டுக்குத் தெக்கால மொத ஊடு மணியன். ரெண்டாவது செல்லப்பன். அதுக்கு அடுத்தது…”

நின்றுவிட்டார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உதட்டை அசைக்கிறார், பேர் வரவில்லை. மறுபடி மணியன், செல்லப்பன் என்று முதலில் இருந்து வருகிறார். அதே இடத்தில் நிற்கிறார். கண்ணைத் திறந்து என்னிடம் கேட்டார், “அடுத்தது யாருடா?”

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“தானா நிக்கலீங்க. ராகு காலம் வந்துருச்சுன்னு நான்தான் சுவிச்சை அமத்திப்போட்டேன்.”

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். ‘போச்சுங்க’ ஸ்குரூ டிரைவரை மெதுவாக மேசை மேல் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“கொலைங்களா?” என்றார். “அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா! நெஞ்சு வலின்னாத்தானுங்க பயம். நீங்க கழுத்தை நெரிச்சுத்தான் இருக்கறீங்க. பொழைக்க வெச்சரலாம்.”

சட்டைப் பையில் இருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். முதலில் அதை வைத்தே பெட்டியைக் கிளப்பி, உள்ளே போய், அண்ணனின் பட்டியலைத் தேடிப் பிடித்து, அதிலேயே ஒரு நகல் எடுத்துக்கொண்டார். அந்தப் பென் டிரைவை என் மனைவியிடம் கொடுத்து, என் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னார். அவள் அதை அரிசி டிரம்முக்குள் போட்டாள். அதற்குப் பிறகுதான் மற்ற வேலை. புதுசு உள்ளே வரும்போது பழசு உடனே வெளியே போய்விடாதாம். ஒரு மூலையில் இருக்குமாம். போடும்போதே ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால், யாரை எழுப்பட்டும் என்று அதுவே கேட்குமாம். பழசை எழுப்பி, பாதியில் நிற்கிற வேலையை முடி என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதுமாம்.

அவர் அந்த வரியை எழுதி முடித்துக் கையைத் தூக்கியபோது மணி மூன்று ஐந்து. வெள்ளிக்கிழமை மூன்று முதல் நாலரை வரை எமகண்டம். நான் வாயைத் திறந்தேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

நாலரைக்குள் பெட்டி பழையபடி எழுந்துவிட்டது. சரியாகிவிட்டதா என்று கேட்டேன். இப்போதைக்கு இருக்குதுங்க என்றார். பிறகு பட்டியலைத் திறந்து, விரலை வைத்துத் தேடி, கட்டில் பக்கம் திரும்பி, “அடுத்தது ராமாயி அம்மாளுங்க. மாட்டாஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல” என்றார்.

“ராமாயி,” என்றார் அண்ணன். “ஆமா. மூணும் பொண்ணு. எனக்கு மோர் குடுத்துச்சு.” அவர் கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்க அந்தப் பக்கத்துக் கை எழாது. நான் துடைத்துவிட்டேன்.

பத்திரிகைகள் போயின. கடைசியில் ஒன்று ‘போச்சுங்க’வுக்கும் வைக்க வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாகச் சொன்னார். அவர் எங்கள் பங்காளி இல்லை. இருந்தாலும் பட்டியலில் ஏற்று என்றார். நானும் மனைவியும் தட்டில் தேங்காய் பழத்தோடு கடைக்குப் போனோம். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆனால் வர முடியாது என்றார்.

“நான் கெட்ட எடத்துக்குப் போறவனுங்க. நல்ல காரியத்துக்கு ஒருக்காப் போனேன். எங்க அக்கா பொண்ணு நிச்சயம். அது நின்னு போச்சுங்க. பந்தல்லயே ஒருத்தர் சொன்னார், போச்சுங்க வந்தான், போச்சுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க அக்கா மட்டும் சிரிக்கல. அதுல இருந்து ஏதாச்சும் கெட்டாத்தான் ஒரு வாசப்படி மிதிக்கறதுங்க.”

அவர் இதைச் சிரிக்க வைப்பதற்காகவும் சொல்லவில்லை, அழ வைப்பதற்காகவும் சொல்லவில்லை. டிஸ்க்கைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லி நானும் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்தது. அண்ணனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வேப்பமர நிழலில் உட்கார வைத்தோம். மணியன் வந்தார், செல்லப்பன் வந்தார், ராமாயி அம்மாள் மூன்று பெண்களோடும் பேரப் பிள்ளைகளோடும் வந்தார். ஒவ்வொருவரும் குனிந்து தங்கள் ஊர்ப் பேரைச் சொல்ல, அண்ணன் மறு வார்த்தையாக அவர்கள் வீட்டு அடையாளத்தைச் சொன்னார். சாயங்காலம் வீடு திரும்பியதும் கட்டிலில் படுத்துக்கொண்டு, “எல்லாரும் வந்தாங்க. ஒரு ஊடு வரல” என்றார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பூஜையை முடித்துவிட்டு ‘போச்சுங்க’வுக்குப் போன் செய்தேன். சிஸ்டம் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது, திரை முழுக்கக் கறுப்பு என்றேன். “வாரேனுங்க” என்றார். பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி, தலையைக் குனிந்து உள்ளே வந்து, கம்ப்யூட்டரைப் பார்த்தார். அது பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். அதற்குள் அண்ணன் நல்லாயிருந்த கையைத் தூக்கி அவரைக் கிட்டே கூப்பிட்டார். “உக்காரு சாமி,” என்றார். என் மனைவி கலசத் தீர்த்தத்தையும் பிரசாதத்தையும் கொண்டுவந்து வைத்தாள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

வாழ்க்கையில் தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்புக்கெல்லாம் தினமும் சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறவன் நான். அன்றைக்குக் காலையில் போனில் சொன்ன அந்தப் பொய்க்கு மட்டும் இதுவரை கேட்கவில்லை.