மருதாணி போட்ட என் கைகள்

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வேப்பூர் வரை போய்த் திரும்பியவன் நான். (திரும்பி வர இன்னொரு டிக்கெட்.) அப்படிப்பட்டவனைத்தான் ஒரு கல்லூரி, ஆன்லைன் வகுப்பில் பீங்கான் கோப்பை வார்க்கச் சொல்லித்தரக் கூப்பிட்டது.

படிப்பு பத்தாவது. ஆனால் விருத்தாசலத்தில் இருபது வருடமாக அச்சில் களிமண் குழம்பு ஊற்றுகிறேன். எனக்காக மற்றவர்களோடு வாதாடி இடம் வாங்கித் தந்த பேராசிரியை ஒன்றே ஒன்று சொன்னார்: "அடுத்தவங்க வீடியோவ காட்டணும்னா அவங்ககிட்ட கேளுங்க. பேரைச் சொல்லுங்க. வேண்டிய அளவு மட்டும் காட்டுங்க."

தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

ஆனால் கேமரா முன்னால் வார்த்துக் காட்டக் கூச்சம் விடவில்லை. இணையத்தில் தேடியபோது ஒரு வீடியோ கிடைத்தது. முகம் இல்லை, முழங்கை வரை குழம்பு அப்பிய இரண்டு கைகள் மட்டும். பேசிய குரல் ஒரு பெண்ணுடையது. முன்பின் தெரியாத பெண்ணிடம் போய் எப்படிக் கேட்பது? சத்தத்தை அணைத்துவிட்டு வகுப்பில் ஓடவிட்டேன். "இது என் கைதான்" என்றும் சொன்னேன். (யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.)

வீடியோவில் கோப்பையின் வாய் நெளிந்து வந்தது. "இது என் தனி முறை" என்று அதற்கும் விளக்கம் கொடுத்தேன்.

வீடியோவைக் கடைசி வரை பார்த்திருக்க வேண்டும். அந்தக் கைகள் வாளித் தண்ணீரில் முங்கி எழுந்தன. சிவக்கச் சிவக்க மருதாணி. கை நிறைய வளையல்.

"சார், வூட்ல ஏதாவது விசேஷமா?" என்றான் ஒரு மாணவன்.

வீடியோவை நிறுத்தும் பட்டனைத் தேடினேன். அதற்குள் இன்னொரு குரல்: "சார், அது என் கை."

சேத்தியாத்தோப்பு மும்தாஜ். என் வகுப்பு மாணவி!

"அச்சைச் சீக்கிரம் திறந்துட்டேன் சார், அதான் வாய் நெளிஞ்சிடுச்சு. முறையெல்லாம் ஒண்ணும் இல்ல."

மாலையே பேராசிரியை அழைத்தார். "உங்களுக்காக எத்தன பேருகிட்ட பேசினேன்! வகுப்புப் பதிவ நீக்கியாச்சு. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேளுங்க. அவங்க சரின்னாதான் உங்களுக்கு அடுத்த வகுப்பு."

போனைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக ஒரு மணி நேரம் போனது. கடைசியில் அழைத்துவிட்டேன்.

"கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே சார்," என்றாள் மும்தாஜ். "இப்பவும் காட்டுங்க. கை மட்டும் என் பேருல இருக்கட்டும். அந்த நெளிஞ்ச வாய் உங்க பேருலயே இருக்கட்டும்."

அடுத்த வகுப்பில் அதை அப்படியே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பு இன்றும் என்னிடம்தான் இருக்கிறது.

வீட்டில்தான் நிலைமை மோசம். மனைவியின் மீன்குழம்பைப் "பிரமாதம்" என்று சொன்னால் போதும், ஊற்றிய கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்பாள்:

"இது யாரு சொன்னது? அவங்ககிட்ட கேட்டுட்டீங்களா?"