சவரிமுத்துக்கு உடம்பு சரியில்லை

சவரிமுத்து தலைகீழாக மிதந்துகொண்டிருந்தான்.

வாயில் பிரஷ்ஷோடு கிளெமென்ட் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார். வெள்ளை வயிறு மேலே இருந்தது, சிவப்புக் கொண்டை கீழே இருந்தது. செவுள் மட்டும் மெல்லத் திறந்து மூடியது. கண்ணாடியில் விரலால் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு வாலை வீசிக்கொண்டு ஓடி வருகிறவன், இன்றைக்கு ஒற்றைக் கண்ணை மட்டும் உருட்டினான்.

"டெய்சி! செத்த இங்க வா. இவன் என்னமோ மாதிரி கெடக்கான்."

டெய்சி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். பார்த்ததும் "மாதாவே" என்று நெஞ்சில் கையை வைத்தாள்.

சவரிமுத்து ஒரு தங்கமீன். மகள் அனிஷா காலேஜில் படிக்கும்போது சவேரியார் திருநாளன்று வாங்கி வந்தாள். அதனால் அந்தப் பேர். அவள் கனடாவுக்கு வேலைக்குப் போனபோது, "அப்பா, இவனப் பாத்துக்கங்க" என்று ஒரே ஒரு வேலையை மட்டும் விட்டுப் போனாள். முதலில் அது கிளெமென்ட்டுக்கு வெறும் வேலையாகத்தான் இருந்தது. எப்போது மாறியது என்று அவருக்கே தெரியாது. மில்லிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"இன்னிக்கு நீங்க வேலைக்குப் போக வேணாம். லீவு சொல்லிருங்க," என்றாள் டெய்சி.

அதில்தான் சிக்கல். வடமதுரை ரோட்டில் இருக்கிற நூற்பாலையில் கிளெமென்ட்தான் டைம் ஆபீஸ். யாருக்கு லீவு, யாருக்கு இல்லை என்பது அவர் வாயிலிருந்து வர வேண்டும். பாட்டி செத்துப்போச்சு என்று வந்து நிற்பவனிடம், "எத்தனாவது பாட்டி?" என்று கேட்கிற ஆள். போன மாதம் சூப்பர்வைசர் ராமுத்தாய், மாடு கன்று ஈன முடியாமல் தவிக்கிறது என்று கண்கலங்க வந்து நின்றபோது, "மாட்டுக்கெல்லாம் லீவு கெடையாதும்மா. ரூல்ல மனுசன் மட்டும்தான் இருக்கு" என்று திருப்பி அனுப்பியவர். மாடு பிழைத்துக்கொண்டது. கன்று தங்கவில்லை.

கிளெமென்ட் மேனேஜர் விக்னேஷ்குமாருக்குப் போன் போட்டார்.

"சார், இன்னிக்கு வர முடியாது போலருக்கு. வீட்டுல சவரிமுத்துக்கு ரொம்ப முடியல."

"சவரிமுத்தா? யாரு சார் அது?"

மீன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ராமுத்தாயின் மாடு குறுக்கே வந்து நின்றுகொண்டது.

"எங்ககூடவே இருக்கறவரு சார்."

"சொந்தமா?"

"சொந்தம்தான்."

"என்ன வயசு?"

"நாலு..." வாயிலிருந்து விழுந்ததை அவசரமாகப் பிடித்துக்கொண்டார். "எழுபத்தி நாலு."

"அடடா. என்ன செய்யுது?"

"தலைகீழா... தலை... தலை சுத்துது சார்."

"பாத்துக்கங்க சார். இங்க நாங்க பாத்துக்கறோம்."

போனை வைத்தபோது காது மடல் சுட்டது. பொய் சொல்கிறவர்களைப் பிடித்துப் பழகியவருக்குச் சொல்லிப் பழக்கமில்லை.

அடுத்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன் கடை வைத்திருக்கும் ஃபாரிஸைக் கூப்பிட்டார்.

"வயித்துல காத்து அடைச்சிருக்கும்ணே. தீனி போடாதீங்க. தண்ணியக் கொஞ்சம் மாத்தி விடுங்க."

கிளெமென்ட் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. தொட்டித் தண்ணீர் மொத்தத்தையும் இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாகப் போர்வெல் தண்ணீரை நிரப்பினார். சவரிமுத்து ஒரு சுற்றுச் சுற்றி, இன்னும் கொஞ்சம் சாய்ந்தான்.

"முழுசும் மாத்திட்டீங்களா?" ஃபாரிஸ் போனிலேயே அலறினான். "அது தாங்காதுண்ணே! ஒரு கை உப்புப் போடுங்க."

அவன் சொன்ன கை சின்னக் கை. கிளெமென்ட்டுக்குப் பெரிய கை. சவரிமுத்து செவுளை வேக வேகமாக அடித்துக்கொண்டான். அதற்கு மாற்று என்று ஃபாரிஸ் கடையிலிருந்து ஒரு நீல மருந்து வந்தது. மூடியைத் திறக்கும்போது பாட்டில் நழுவி, பாதி தொட்டிக்குள்ளும் மீதி கிளெமென்ட்டின் கையிலும் ஊற்றியது. தண்ணீர் நீலமாகிவிட, நோயாளி எங்கே இருக்கிறான் என்பதே தெரியவில்லை. டெய்சி டார்ச் அடித்துத் தேடினாள்.

"மனுசன் வைத்தியம் பாக்குற லெச்சணமா இது?" என்றாள்.

"நீ சும்மா இரு. எனக்குக் கை நடுங்குது."

அப்புறம்தான் அவள் பார்த்தாள். உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. அடுக்களைக்குப் போய்ப் பட்டாணியை வேகவைத்துத் தோலை உரித்துக்கொண்டு வந்தாள். அது ஃபாரிஸ் கடைசியாகச் சொன்ன வைத்தியம்.

மறுநாள் காலையில் மேனேஜரே கூப்பிட்டார்.

"எப்படி சார் இருக்காரு?"

"அப்படியேதான் சார்."

"சாப்பிடுறாரா?"

"பட்டாணிய வேகவச்சு ஊட்டி விட்டோம். துப்பிட்டாரு."

"பெரியவருக்குப் பட்டாணியா? கேஸ் ஆயிருமே சார்."

"கேஸ்தான் சார் பிரச்சனையே."

"ஓ. தண்ணி கிண்ணி...?"

"தண்ணியிலதான் சார் இருக்காரு. எந்நேரமும்."

மறுமுனையில் விக்னேஷ்குமார் தொண்டையைச் செருமினார்.

"எங்க சித்தப்பாவும் அப்படித்தான் சார் இருந்தாரு. நாம ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

தான் என்ன சொன்னோம் என்பது போனை வைத்த பிறகுதான் கிளெமென்ட்டுக்கு உறைத்தது. நாலு வயசு மீனைக் கிழவனாக்கியது போதாதென்று குடிகாரனாகவும் ஆக்கியாயிற்று. திரும்பக் கூப்பிட்டு விளக்கலாமா என்று யோசித்தார். எதை என்று விளக்குவது?

மத்தியானம் சவரிமுத்து கிளெமென்ட் தட்டாமலேயே ஒருமுறை நேராக நிமிர்ந்தான். கண்ணாடிக்குக் கிட்டே வந்தான். "வந்துட்டாண்டி! டெய்சி, எந்திரிச்சுட்டான்!" என்று கிளெமென்ட் கத்தினார். டெய்சி ஓடி வருவதற்குள் மறுபடி சாய்ந்துவிட்டான். அதற்கப்புறம் செவுள் அசையவில்லை.

இரண்டு பேரும் வெகுநேரம் தொட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பின்பக்கம் செம்பருத்திச் செடிக்கு அடியில் கிளெமென்ட் குழி வெட்டினார். டெய்சி வெள்ளைத் துணியில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றிக்கொடுத்தாள். ஜெபம் சொல்லலாமா கூடாதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சொல்லவில்லை. மண்ணைத் தள்ளி மூடிய பிறகு டெய்சி மட்டும் என்னவோ முணுமுணுத்தாள்.

ஃபாரிஸிடம் சொன்னபோது, "அட விடுங்கண்ணே, அதே கலர்ல, அதே கொண்டையோட ஒண்ணு இருக்கு, எடுத்து வைக்கவா?" என்றான். கிளெமென்ட் போனை வைத்துவிட்டார். தொட்டி மோட்டாரை நிறுத்த டெய்சி கையை நீட்டினாள்.

"ஓடட்டும். இன்னிக்கு மட்டும்," என்றார்.

மில்லுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. வேலைக்கு வருகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டார். குரல் தானாக உடைந்தது.

"சவரிமுத்து போயிட்டாரு சார்."

"அய்யோ. எப்ப சார்? அடக்கம் எப்ப?"

"முடிஞ்சிருச்சு."

"அதுக்குள்ளயா? எங்க?"

"வீட்டுக்குப் பின்னால..."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். போலீசே வந்தாலும் வரலாம்.

"சரி சார்," என்றார் விக்னேஷ்குமார், ஒன்றுமே நடக்காதது போல. "நாளைக்கு சாயந்திரம் ஷிப்ட் முடிஞ்சதும் நாங்க வாரோம்."

"வேணாம் சார்! எதுக்கு அம்புட்டுத் தூரம்..."

"அதெப்படி சார் வராம இருக்க முடியும்?"

மறுநாள் மேட்டுப்பட்டியில் கிளெமென்ட்டின் வீடு ஒரு நாடகக் கொட்டகை மாதிரி அல்லோலப்பட்டது.

"துக்கத்துக்கு வாரவுக போட்டோவப் பாப்பாகளே. எந்தக் கெழவன மாட்டுறது?" என்றாள் டெய்சி.

கிளெமென்ட் பீரோவுக்குள் துழாவி, சட்டம் போட்ட ஒரு படத்தை எடுத்துத் துடைத்தார். "இவரு பொருத்தமா இருப்பாரு."

டெய்சி எட்டிப் பார்த்து அதை வெடுக்கென்று பிடுங்கினாள். "எங்கப்பா உசுரோட வத்தலக்குண்டுல இருக்காரு! கொன்னே போடுவேன்!"

படம் வேண்டாம் என்று முடிவானது. தொட்டியையாவது மறைக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து நகர்த்திப் பார்த்தார்கள். அசையவில்லை, தண்ணீர்தான் தரையில் சிந்தியது. அதைத் துடைக்கத் துணி எடுக்கும்போதே வாசலில் வேன் சத்தம் கேட்டது. டெய்சி கையில் கிடைத்த வெள்ளை லைனிங் துணியைத் தொட்டிமேல் போர்த்தினாள். வெறுமனே போர்த்தினால் சந்தேகம் வரும் என்று கிளெமென்ட் அதன்மேல் ஒரு சிலுவையையும் இரண்டு மெழுகுவர்த்தியையும் வைத்தார். வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தார். நடுவீட்டில் ஒரு சவப்பெட்டி இருப்பது போலவே இருந்தது.

மேனேஜரும் கூட ஒருத்தரும் வருவார்கள் என்று நினைத்திருந்தார். வேன் கதவு திறந்தது. ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஆபீஸ்காரர்கள், மெஷின்காரர்கள், ரிங் ஃப்ரேமில் நூல் நூற்கிற பெண்கள். கடைசியாக டிரைவர் பேச்சிமுத்து, ஆளுயர ரோஜா மாலையைத் தோளில் சுமந்துகொண்டு இறங்கினான். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்தார்கள். பேச்சிமுத்து அங்குமிங்கும் பார்த்தான். சரசரவென்று நடந்து போய், மாலையைத் தொட்டிமேலேயே சாத்தினான்.

கிளெமென்ட் ஓடிப்போய்த் துணி நழுவாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். அந்த அமைதியில் துணிக்கு அடியிலிருந்து 'புளுக், புளுக்' என்று மோட்டார் கொப்பளித்தது. நிறுத்தாமல் விட்டுவிட்டோமே என்று டெய்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் நிமிரவில்லை. விக்னேஷ்குமார் வந்து கிளெமென்ட்டின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகள் முழங்கைவரை நீலமாக இருந்தன. அதையும் அவர் கேட்கவில்லை. துக்க வீட்டில் கண்டதையும் கேட்க மாட்டார்கள் என்று கிளெமென்ட் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ராமுத்தாய்தான் வாயைத் திறந்தாள். சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை.

"எப்படிப்பட்டவரு சார் அவரு?"

கிளெமென்ட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, ஏதாவது ஒரு கிழவனைப் பற்றிச் சொல்லத்தான் ஆரம்பித்தார். வேறு கிழவன் யாரும் நினைவுக்கு வரவில்லை.

"அதிகம் பேச மாட்டாரும்மா. பேசவே மாட்டாரு. நான் வேலை முடிஞ்சு வந்து உக்காந்தா பக்கத்துல வந்து நிப்பாரு. என்னத்தச் சொன்னாலும் கேட்டுக்குவாரு. மில்லுல யாரையாச்சும் கடுசாப் பேசிட்டு வந்தேன்னு வைங்க, அதையும் அவருகிட்டதான் சொல்லுவேன். பேசும்போது தெரியாது. அவரு மொகத்தப் பாத்துச் சொல்லும்போதுதான், பேசியிருக்க வேணாமேன்னு தோணும்."

நிறுத்தினார். துணி போர்த்திய தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"மக போனதுக்கப்புறம் வீட்டுல சத்தமே இல்ல. நானும் இவளும் பேசிக்கிறதே, சவரி சாப்பிட்டானா, சவரி தூங்கிட்டானா, இதுதான். இனிமே என்னத்தப் பேசப்போறோம்னு தெரியல."

எழுபத்து நாலு வயசுப் பெரியவரை 'ன்' போட்டுச் சொல்லிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. நின்று அழுதார். அனிஷாவை ஏர்போர்ட்டில் விட்டு வந்த அன்றைக்குக்கூட அவர் அழுததில்லை. ராமுத்தாய் டெய்சியின் தோளைத் தன்பக்கம் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கையும் கிளெமென்ட்டுக்குக் கனத்தது. இத்தனை பேர் வேலை செய்த அலுப்போடு, பூ வாங்கிக்கொண்டு, ஒரு பொய்க்காக வந்திருக்கிறார்கள். இதைச் சுமந்துகொண்டு நாளைக்கு எப்படி டைம் ஆபீஸ் நாற்காலியில் உட்காருவது?

எல்லாரும் வேனில் ஏறிவிட்டார்கள். பேச்சிமுத்து மட்டும் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். கிளெமென்ட் அவனை ஓரமாக இழுத்தார்.

"பேச்சிமுத்து, உங்கிட்டயாச்சும் சொல்லிர்றேன்ப்பா. சவரிமுத்து வந்து... அது மனுசன் இல்ல."

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"தங்கமீனு. மொத நாளு மத்தியானமே தெரியும். 'எங்க சவரிமுத்துக்காக ஜெபிச்சுக்கங்க'ன்னு டெய்சியக்கா ஸ்டேட்டஸ் போட்டிருந்துச்சுல்ல, படத்தோட. நம்ம மில்லுப் பொம்பளையாளுக பாதிப் பேருக்கு அக்காதான் சட்டை தைக்குது. எல்லாரும் பாத்துட்டோம்."

கிளெமென்ட் வேனைப் பார்த்தார். ஜன்னல்களில் இருந்த முகங்கள் எல்லாம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

"மேனேஜருக்கும் தெரியுமா?"

"மாலைக்குச் சொன்னதே அவருதாண்ணே."

"மீனுன்னு தெரிஞ்சும் எதுக்குய்யா இம்புட்டுப் பேரும் கெளம்பி வந்தீங்க?"

பேச்சிமுத்து கதவின் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பினான்.

"மனுசன்னா சொந்தக்காரவுக வந்துருவாக, ரெண்டு பேரு தலையக் காட்டுனாப் போதும், மீனுக்கு எங்கள விட்டா யாருண்ணே வருவா?"